மருந்து பலிக்காவிட்டால் பழி நோயாளி மேலா?

வேர்தேடி:
பாரம்பரிய மருத்துவம் படிக்கிற நாம் மனத் தற்காப்பு உத்திகளை, அதாவது கசப்பான உண்மையிலிருந்து மனம் தன்னைக் காத்துக்கொள்ளும் வழிகளை, பாடமாகப் படிக்கிறோம், நம்மிடம் தேடுவதில்லை. மருந்து பலிக்கவில்லை என்றால் ‘நோயாளி பத்தியம் காக்கவில்லை’. ஆதாரம் கேட்டால் ‘மருந்து கம்பெனிகளின் சதி’. முதலாவது நியாயப்படுத்தல், இரண்டாவது பழியை வெளியே தள்ளுவது. இரண்டையும் நானே செய்திருக்கிறேன்.

இளமருத்துவன்:
இதைப் படித்தால் கோபம்தான் வருகிறது. ‘நீயெல்லாம் டாக்டரா’ என்று ஊரே கேட்கும்போது கொஞ்சம் கவசம் வேண்டாமா? பத்தியம் காக்காத நோயாளிகள் நிஜமாகவே இருக்கிறார்கள். அதைச் சொன்னால் மனக்கோளாறா? நவீன மருத்துவ மாணவர்களும் பிண அறுவைக் கூடத்தில் சிரித்துத்தான் பயத்தைக் கடக்கிறார்கள்.

வேர்தேடி:
கோளாறு என்று நான் சொல்லவில்லை. உளப்பகுப்பாய்வாளர் அன்னா ஃப்ராய்ட் 1936-இல் இந்த உத்திகளைத் தொகுத்து எழுதினார். பின்னால் மனநல மருத்துவர் ஜார்ஜ் வெய்லன்ட் அவற்றை முதிர்ந்தவை, முதிராதவை என்று தரம் பிரித்தார். நகைச்சுவை முதிர்ந்தது, பழியை வெளியே தள்ளுவது முதிராதது. பத்தியம் காத்தாரா என்று அந்த நோயாளியிடம் கேட்டீர்களா, நண்பரே? கேட்டுச் சொன்னால் அது மருத்துவம். கேட்காமலே சொன்னால் தற்காப்பு.

கசாயம்:
‘மூலிகைக்குப் பக்கவிளைவே கிடையாது’ என்பதையும் சேருங்கள். 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் எடை குறைக்கக் கொடுத்த மூலிகை மருந்தில் ஒரு மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டோலோக்கியா இனச் செடி கலந்து, பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. இதை வகுப்பில் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

இளமருத்துவன்:
அப்போ 2015-இல் சீன விஞ்ஞானி டூ யூயூவுக்குக் கிடைத்த நோபல்? அவர் கண்டுபிடித்த மலேரியா மருந்து ஆர்டிமிசினின் பழைய சீன மருத்துவ ஏட்டிலிருந்துதானே வந்தது?

வேர்தேடி:
ஆமாம், அது பெருமைதான். ஆனால் அவர் முதலில் எடுத்த சாறுகள் மலேரியாவுக்குச் சரியாக வேலை செய்யவில்லை. ஏன் என்று ஏட்டைத் திரும்பப் புரட்டினார். அதை எழுதிய 4-ஆம் நூற்றாண்டுச் சீன மருத்துவர் கோ ஹொங், அந்த மூலிகைச் செடியைக் காய்ச்சச் சொல்லவில்லை, நீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்லியிருந்தார். சூடுதான் கெடுக்கிறதோ என்று யோசித்து, குறைந்த வெப்பத்தில் ஈதர் என்ற கரைப்பானால் சாறு எடுத்தார். தோல்வியைத் தோல்வி என்று ஒப்புக்கொண்டதால்தான் அந்த வரி அவர் கண்ணில் பட்டது.

இளமருத்துவன்:
சரி, கேட்காமல் சொல்கிறோம் என்பதை ஏற்கிறேன். ஆனால் குறையை மாணவன் மனசில் மட்டும் தேடாதீர்கள். ‘பலிக்கவில்லை’ என்று ஒருமுறை எழுதிக் கொடுத்தேன். ‘உனக்குத்தான் நம்பிக்கை இல்லை’ என்றார் ஆசிரியர். அப்புறம் யார் எழுதுவார்கள்? அவர் செய்ததற்கும் ஒரு பெயர் இருக்குமே, அதையும் பேசுங்கள்.