ஏலக்காய்த் தோட்டத்தில் கையுறை கொடுத்தால் போட மாட்டார்களா?

போடிக்காரி: கேரளத்து இடுக்கித் தோட்டங்களில் பூச்சிமருந்து அடிக்கப் போகும் நம் ஆட்களுக்குக் கையுறை கொடுத்தாலும் கழற்றி எறிகிறார்கள் என்று அங்கே தோட்டம் வைத்திருக்கும் ஏலமலை நேற்று இங்கே எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. என் அப்பா இடுக்கியில் பூப்பாறைப் பக்கம் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், தங்கி பத்து வருஷம் மருந்து அடித்தவர், ஒரு ஜோடி கையுறையைக் கண்ணால் பார்த்ததில்லை.

ஏலமலை: உங்கள் அப்பாவுக்குக் கிடைக்காவிட்டால் யாருக்குமே கிடைக்கவில்லையா? நானே வாங்கிக் கொடுத்தேன். மறுநாள் செடி மூட்டில் கிடந்தது.

கம்பத்தான்: தினமும் ஜீப்பில் போய்த் திரும்புகிறவர்களைப் பற்றியா, லயத்தில் தங்குகிறவர்களைப் பற்றியா பேசுகிறோம்?

போடிக்காரி: அது அப்புறம் அண்ணே. ஏலச்செடி ஆளை விட உயரம், காய்க்கிற சரமோ தூரில் இருக்கும். குனிந்து அடித்தால் இலையில் பட்டது அத்தனையும் முதுகில் சொட்டும். குயினால்பாஸ் என்கிற பூச்சிமருந்து தோல் வழியாகவே உள்ளே போகும். அப்பா ஒருநாள் வியர்த்து, எச்சில் ஒழுக, வாந்தி எடுத்துக்கொண்டே மலை இறங்கினார், விஷத்தை முறிக்கிற அட்ரோபின் ஊசி போட்டுத்தான் பிழைத்தார். தோட்டக்காரர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அப்புறம் காய் எடுக்கிற பெண்களுக்கு யார் கையுறை கொடுத்தது? மருந்து காயும் முன்னே வெறுங்கையோடு இறங்குகிறார்கள்.

ஏலமலை: கையுறை போட்டுக் காய் எடுக்க முடியாது, கிலோ குறையும், அவர்களே வேண்டாம் என்பார்கள். தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951 என்று கிளம்பாதீர்கள், அது இருந்தபோதும் 5 ஹெக்டேரும் 15 ஆளும் இருந்தால்தான் பொருந்தியது. எனக்கு 3 ஏக்கர்.

போடிக்காரி: விஷத்துக்கு ஏக்கர் கணக்கு தெரியுமா? 1971 பூச்சிக்கொல்லி விதிகளில் மருந்து கையாளுகிறவருக்குப் பாதுகாப்பு உடை வேண்டும் என்று இருக்கிறது. கிலோ குறைந்தால் கூலி குறைக்கிறது யார்? நீங்கள்தானே!

மெட்டு ஜீப்: கையுறையை விடுங்கள். இடுக்கிக்கு ஏறும் போடிமெட்டு மலைப்பாதை வளைவில் ஜீப்பில் ஆளை அடைக்கிறார்கள் என்று எங்களைத் திட்டுவீர்களே, தலைக்கு இவ்வளவு என்று தோட்டக்காரர் தருகிற காசில் டீசலே தேறவில்லை.

ஏலமலை: ஜீப்காரர் பேச வந்துவிட்டார். போன மாசம் இங்கே நடந்த முல்லைப் பெரியாறு அணைப் பேச்சில் பாதியில் ஓடினவர்தானே?

மெட்டு ஜீப்: ஓடியது நீங்கள். கேரளத்தில் தோட்டம் வாங்கியதும் ஊரை மறந்தீர்கள்.

கம்பத்தான்: நான் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

போடிக்காரி: ஏலமலை, எத்தனை ஜோடி வாங்கினீர்கள், எத்தனை பேருக்கு? அதை மட்டும் சொல்லுங்கள்.

ஏலமலை: கொடுத்தேன், போடவில்லை. நூறு தடவை கேட்டாலும் இதுதான்.

போடிக்காரி: எத்தனை ஜோடி?