முதல் எக்ஸ்ரேயில் தெரியாத இடுப்பு முறிவு: உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

பொகவந்தலாவையிலிருந்து ஒரு மகள்

என் அம்மாவுக்கு 61 வயது. ஓய்வு பெற்ற பிறகும் கைக்காசுக்காகக் கொழுந்து பறிக்கப் போவார். மழை விடாத ஒரு காலையில், மலையில் கானைத் தாண்டும்போது வழுக்கி இடப்பக்கமாக விழுந்தார். கம்பளியில் கிடத்தி நான்கு பேர் லொறிப் பாதை வரை தூக்கி வந்தார்கள். முதலில் போன வைத்தியசாலையில் ஒரேயொரு நேர்ப்படம் எடுத்தார்கள். முறிவு இல்லை, சதைப்பிடிப்புத்தான் என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

நாங்களும் நம்பி ஐந்து நாள் லயத்தில் வைத்து எண்ணெய் தேய்த்தோம். நினைத்தால் இன்றும் நெஞ்சு வேகிறது. வலி கவட்டில் இருந்தது. காலை ஊன்றினால் அலறினார். மலசலகூடத்துக்கு 14 படி இறங்க வேண்டும் என்பதால் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டார்.

ஆறாம் நாள் கண்டிக்குக் கொண்டுபோனோம். சிடி ஸ்கேன் எடுத்த பிறகு வைத்தியர் என்னை அழைத்து, பழைய எக்ஸ்ரேயையும் வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். இடுப்பெலும்பின் உள்விளிம்பில் ஒரு வெண்கோடு வளைந்து முன்பக்கமாக இறங்குகிறது. வலப்பக்கம் அது அறுபடாமல் ஓடியது. இடப்பக்கம் ஓரிடத்தில் மயிரிழை அளவு விட்டுப்போயிருந்தது. தொடையெலும்பின் தலை உட்கார்ந்திருக்கும் கிண்ணத்தின் முன்தூண், அதாவது கிண்ணத்தை முன்பக்கம் தாங்கும் எலும்பு, வெடித்திருக்கிறது என்றார். வயதானவர்கள் பக்கவாட்டில் விழும்போது அந்தத் தலை உள்நோக்கி இடிப்பதால், பெரும்பாலும் முன்பகுதிதான் உடையுமாம். எலும்பு விலகாததால் சத்திரசிகிச்சை தேவைப்படவில்லை. எட்டு வாரம் அந்தக் காலில் பாரம் வைக்காமல் வாக்கரோடு நடந்தார்.

படத்தில் இருந்தது எப்படிக் கண்ணில் படாமல் போனது? எக்ஸ்ரே பிரிவில் இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.

நுவரெலியா மாவட்டம், எக்ஸ்ரே பிரிவு

தங்கை, நான் 17 வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். அந்தக் கிண்ணம் நேராகப் பக்கத்தைப் பார்த்து இல்லை. சற்று முன்னும் கீழும் சாய்ந்திருக்கிறது. நேர்ப்படத்தில் அதன் முன்சுவரும் பின்சுவரும், அதாவது கிண்ணத்தின் முன், பின் விளிம்புகள், ஒன்றின்மேல் ஒன்று விழும், தொடையெலும்பின் தலை வேறு மறைக்கும். ஆகவே உடலை 45 பாகை சாய்த்து இன்னும் இரண்டு படம் எடுக்க வேண்டும். அடிபட்ட பக்கத்தை உயர்த்தினால் முன்தூணும் பின்சுவரும் தெளியும். மறுபக்கத்தை உயர்த்தினால் பின்தூணும் முன்சுவரும். ஜூடே படங்கள் என்போம். பிரெஞ்சு எலும்புச் சத்திரசிகிச்சை வைத்தியர்களான ஜூடே சகோதரர்களும் எமில் லெதூர்னெலும் 1964இல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்த முறை அது. கிண்ண முறிவுகளை அவர்கள் வகுத்த பத்து வகைகளாகத்தான் இன்றும் வைத்தியர்கள் பேசுகிறார்கள். வலியில் துடிப்பவரைப் புரட்டுவது கொடுமை. சிடி இருக்கும் இடங்களில் அந்தத் தேவை வெகுவாகக் குறைந்துவிட்டது.

ரம்பொடைப் பக்கம் வான் மோதிய ஒரு இளைஞரை என்னால் மறக்க முடியாது. முன் இருக்கையில் இருந்தவர். முழங்கால் டேஷ்போர்டில் இடித்திருந்தது. கால் குட்டையாகி, மடங்கி, உட்பக்கம் திரும்பிக் கிடந்தது. தொடையெலும்பின் தலை பின்சுவரை உடைத்துக்கொண்டு வெளியே போயிருந்தது. அன்றிரவே மயக்க மருந்து கொடுத்து மூட்டை உள்ளே தள்ளினார்கள். தாமதித்தால் தொடையெலும்பின் தலைக்குப் போகும் இரத்தம் தடைப்பட்டு எலும்பு செத்துவிடலாம். பின்னாலேயே பெரிய நரம்பு ஓடுவதால், அதற்கு அடிபட்டிருக்கிறதா என்று அறிய, பாதத்தை மேல்நோக்கி உயர்த்தச் சொல்லியும் பார்த்தார்கள். பிறகு எடுத்த எக்ஸ்ரே அழகாகத்தான் இருந்தது. சிடியில்தான், மூட்டுக்குள் அரிசி அளவு எலும்புத் துண்டு சிக்கியிருந்தது தெரிந்தது.

உங்கள் அம்மாவைப் போல ஊன்றவே முடியாதவருக்குச் சிடியிலும் ஒன்றும் தெரியாவிட்டால், எம்ஆர்ஐ கேளுங்கள். தொடையெலும்புக் கழுத்தில் ஒளிந்திருக்கும் வெடிப்பு அதில் தெரியும்.

அப்புத்தளையிலிருந்து ஒரு தாய்

எனக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறு. 11 வயது மகன் மரத்திலிருந்து விழுந்தான். எக்ஸ்ரேயில் கிண்ணத்தின் நடுவே கருங்கோடு தெரிந்ததும் நான் அழுதுவிட்டேன். இலியம், இஸ்கியம், பியூபிஸ் என்ற மூன்று எலும்புகள் அங்கே கூடுகின்றன, பிள்ளை வளரும்வரை நடுவில் மூன்று கிளையாகக் குருத்தெலும்பு இருக்கும், அதுதான் கோடாகத் தெரிகிறது, முறிவல்ல என்று வைத்தியர் விளக்கினார். மறுபக்கத்திலும் அதே கோட்டைக் காட்டிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

பொகவந்தலாவை மகள்

நன்றி அண்ணா. அடுத்த கிளினிக்குக்கு இரண்டு படங்களையும் எடுத்துப் போகிறேன். அம்மா இப்போது அந்த 14 படியையும் சுவரைப் பிடித்தபடி தானே இறங்குகிறார். ஏறும்போது மட்டும் நான் பின்னால் நிற்கிறேன்.