ஊரில் நல்லாக இருந்த பிள்ளைக்கு டவுனில் முட்டு (மூச்சிழுப்பு), நிறையும் இறங்குகிறது. டவுன்தான் காரணமா?

ஒட்டுசுட்டான்_அம்மா:
மூத்தவளின் படிப்புக்காகப் போன வருடம் ஒட்டுசுட்டானில் இருந்து வவுனியா டவுனுக்கு வந்தோம். ஏ9 வீதிக்குக் கிட்ட, ஒரு கராஜின் பின்பக்கம் இரண்டு அறை வாடகைக்கு. தகரக் கூரை. உள்ள ஒரே யன்னலும் கராஜைப் பார்த்தபடி.

சின்னவனுக்கு நாலு வயது. ஊரில் தடிமன் வந்தால் தானாகவே மாறிவிடும். இங்கே மாரி தொடங்கியதில் இருந்து இரவில் இழுப்பு. நெஞ்சு குழி விழ மூச்சு விடுகிறான். ஆஸ்பத்திரியில் நெபுலைசர் வைத்தார்கள். கிளினிக்கில் நிறுத்துப் பார்த்தால் வளர்ச்சி அட்டையில் நிறைக்கோடு பச்சைக்குக் கீழே போய்விட்டது. மாமி, "டவுன் தண்ணியும் காற்றும் பிள்ளையைத் தின்னுது, ஊருக்கு வந்திடு" என்கிறா. இவருக்கு மேசன் வேலை இங்கேதான் கிடைக்கிறது, மூத்தவளுக்கு அடுத்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை. என்ன செய்ய?

மருத்துவமாது_ஓய்வு (கிளிநொச்சி):
தங்கச்சி, நெஞ்சு குழி விழுந்தால் எந்த நேரமானாலும் ஆஸ்பத்திரிக்குத்தான், வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டாம். முட்டுக்குத் தொடர்ந்து மருந்து வேண்டுமா என்றும் டொக்டரிடம் கேளுங்கள்.

இனி, வீதியைத் திட்டுவதற்கு முன் அறைக்குள் பாருங்கள். இரவில் நுளம்புத்திரி கொளுத்துகிறீர்களா? ஒரு திரி எரிந்து முடிய வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003 இல் வந்த ஓர் ஆய்வு கணக்குச் சொன்னது. பூட்டிய அறையில் அதை இழுப்பது யார்? திரியை விட்டு வலை கட்டுங்கள். அடுப்பும் அப்படித்தான். ஊரில் குசினி வீட்டை விட்டுத் தள்ளி இருக்கும், விறகுப் புகை வளவோடு போய்விடும். அதே விறகை இங்கே படுக்கும் அறைக்குப் பக்கத்தில் எரித்தால் கதை வேறு. சின்னப் பிள்ளைகள் எங்களை விட வேகமாக மூச்சு விடுவார்கள். உடம்பின் அளவுக்குப் பார்த்தால் அவர்களுக்குள் போகும் புகை கூட.

நிறை இறங்க முட்டே போதும், சாப்பிட மனம் வராது. ஆனாலும் கேட்கிறேன், ஊரில் முட்டையும் முருங்கையும் வளவிலேயே கிடைத்திருக்கும். இங்கே?

ஓட்டோ_பண்டாரிகுளம்:
அக்கா, மாமி தண்ணியைப் பற்றிச் சொன்னது முட்டுக்குப் பொருந்தாது. அதற்காகத் தள்ளியும் விடாதீர்கள். வவுனியாவில் பல கிணறுகளில் புளோரைட் கூட. உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். அதைத் தாண்டிய தண்ணியைக் குடித்து வளரும் பிள்ளைகளின் பல்லில் மண்ணிறக் கறை விழும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், புளோரைட் போகாது. வற்ற வற்றச் செறிவு கூடும். குடிக்க மட்டுமாவது ஆர்ஓ இயந்திரத்தில் வடிகட்டிய தண்ணி எடுங்கள்.

கராஜில் டயர், கழிவு ஒயில் எரிக்கிறார்களா? எரித்தால் பிஎச்ஐயிடம் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) சொல்லுங்கள்.

ஒட்டுசுட்டான்_அம்மா:
எரிக்கிறார்கள் தம்பி, பின்னேரத்தில். கராஜ்காரர்தான் வீட்டுக்காரர். முறையிட்டால் அடுத்த மாதம் சாமானோடு வெளியில் நிற்க வேண்டியதுதான்.

அக்கா, திரி தினமும் கொளுத்துகிறோம். முட்டை 2022 இல் விலை ஏறிய நேரம் குறைத்தது. வாடகையும் ரியூசன் காசும் போக மிஞ்சுவதில், அழுதால் பிஸ்கற்தான்.

மருத்துவமாது_ஓய்வு (கிளிநொச்சி):
அந்த வருடம் செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 90 வீதத்தைத் தாண்டியது, உங்களை யார் குறை சொல்வது? பிஸ்கற் காசைச் சேர்த்து ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு முட்டை, சோற்றுக்குள் நெத்தலியும் பருப்பும். முருங்கை இலை கேட்டால் அயலில் சும்மாவே தருவார்கள்.

உங்கள் பகுதி மருத்துவமாதுவை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். அறையை அவ கண்ணால் பார்க்கட்டும். பிஎச்ஐக்கு அவ சொன்னால் உங்கள் பெயர் வெளியில் வர வேண்டியதில்லை. அதுவரை எரிக்கிற நேரம் யன்னலைச் சாத்திவிட்டுச் சின்னவனை அங்கால் கூட்டிப் போங்கள், பிறகு வந்து திறந்து விடுங்கள். கிளினிக்கில் கொடுக்கும் சத்துமா, திரிபோஷா, தரலாமா என்றும் கேளுங்கள். தந்தால் அது அவனுக்கு மட்டும். தகப்பனும் மூத்தவளும் தேத்தண்ணியோடு பிசைந்து முடித்துவிட்டு, "நிறை ஏறவில்லை" என்று கிளினிக்கில் வந்து நிற்கிற வீடுகள் நிறையப் பார்த்திருக்கிறேன்!