தமிழ் மீடியம் நாலாம் கிளாஸுக்கு சயின்ஸ் நாள்: கையில் காசு இல்லை, யோசனை சொல்லுங்கள்

கொழிஞ்சாம்பாறை டீச்சர்

வணக்கம். கேரளாவில், பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கம் ஒரு எல்.பி. (லோயர் பிரைமரி) ஸ்கூலில் தமிழ் மீடியம் நாலாம் கிளாஸ் எடுக்கிறேன், 26 பிள்ளைகள். அடுத்த மாதம் சயின்ஸ் நாள் வைக்க வேண்டும், 'பெரியவங்களானா என்ன ஆகலாம்' என்பதையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள் என்று ஹெச்.எம். சொல்லிவிட்டார்.

போன வருடம் வெளியிலிருந்து ஒரு டீமை வரவழைத்தோம். தலைக்கு 150 ரூபாய் வாங்கிக்கொண்டு புகை விட்டார்கள், பலூன் வெடித்தார்கள், பேச்செல்லாம் மலையாளத்தில். ஒரு பொருளைக்கூட பிள்ளைகளைத் தொட விடவில்லை. மறுநாள் கேட்டால் புகை மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது.

போன வாரம் நானே முயற்சி செய்தேன். பொள்ளாச்சிக்குப் பக்கத்துக் கோதவாடியில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரைதான் சந்திரயான் 1-க்குத் திட்ட இயக்குநர், நம்ம பக்கத்துக்காரர் என்று படத்தைக் காட்டிவிட்டு, சரி இப்ப யார் யார் என்ன ஆகப்போறீங்க என்று கேட்டேன். 14 போலீஸ், ஆறு டாக்டர், அஞ்சு டீச்சர் (எனக்காகச் சொன்னதாக இருக்கும்), ஒரு பையன் மட்டும் டிப்பர் லாரி.

பி.டி.ஏ. 2,000 ரூபாய் தருகிறது. லேப் கிடையாது, பழைய ஓட்டுக் கூரை ஹால் ஒன்று உண்டு. என்ன செய்யலாம்?

கறவைக்காரன்

டீச்சர், நானும் சித்தூர் தாலூக்காதான். உங்கள் கிளாஸில் பாதிப் பேர் வீட்டில் மாடு இருக்குமே? அப்போ பால் சொசைட்டியில் டிகிரி (பாலின் அடர்த்தி) பார்க்கிறவரைக் கூப்பிடுங்கள். எங்கள் அப்பா இருபது வருடம் அந்த வேலை பார்த்தார், அது சயின்ஸ் என்று அவரும் நினைத்ததில்லை, நாங்களும் நினைத்ததில்லை.

முதலில் முட்டை. நல்ல தண்ணீரில் போட்டால் முங்கும், உப்பைக் கரைத்துக்கொண்டே வந்தால் ஒரு கட்டத்தில் மேலே வரும். அப்புறம் ஜூஸ் ஸ்ட்ரா. அடியில் கொஞ்சம் களிமண்ணை அடைத்து, உயரமான டம்ளரில் நேராக மிதக்க விடுங்கள். தண்ணீரில் முங்குகிற இடத்தில் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு கோடு, அதே ஸ்ட்ராவைப் பாலில் விட்டு இன்னொரு கோடு. பத்து சென்டிமீட்டர் முங்குகிற ஸ்ட்ரா என்றால் வித்தியாசம் மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும், ஆனால் கோடு போட்டால் தெரியும். களிமண் ஊறி உதிர்ந்தால் கணக்கு கெட்டுவிடும், மேலே மெழுகு சொட்டிவிடுங்கள்.

அதற்குப் பிறகு சொசைட்டிக்காரர், இதே ஸ்ட்ரா மாதிரி பாலில் மிதக்கவிட்டு டிகிரி பார்க்கிற லாக்டோமீட்டரை எடுத்துக் காட்டட்டும். தண்ணீரில் 0, நல்ல பசும்பாலில் 28-லிருந்து 32-க்குள் நிற்கும், தண்ணீர் கலந்தால் இறங்கும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆடையை எடுத்துவிட்டால் டிகிரி ஏறும், ஏனென்றால் கொழுப்பு லேசு. ஆடையை எடுத்துவிட்டுத் தண்ணீரும் ஊற்றினால் டிகிரி சரியாகவே காட்டும்! அதனால்தான் ஃபேட்டும் தனியாகப் பார்க்கிறார்கள். இந்த ஏமாற்று வேலையைச் சொல்லுங்கள், ஒரு பிள்ளையும் தூங்காது. (யார் வீட்டில் எப்படி என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.)

வாளையார் அப்பா

எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனால் ஸ்காலர்ஷிப் பரீட்சை வரப்போகிற நேரத்தில் முட்டையும் ஸ்ட்ராவும் எதற்கு என்று கேட்கிற அப்பாக்களில் நானும் ஒருத்தன், மறைக்கவில்லை. அதுவும் பிள்ளையைப் பால் டிகிரி பார்க்கச் சொல்லவா பள்ளிக்கூடம் அனுப்புகிறோம்?

கறவைக்காரன்

அண்ணா, டிகிரி பார்க்கிறதிலிருந்து டெய்ரி டெக்னாலஜி வரைக்கும் ஒரே ரோடுதான். எங்கள் தெருப் பொண்ணு ஒருத்தி அதைத்தான் படிக்கிறாள். அப்படி ஒரு படிப்பு இருப்பது பத்தாவது முடியும்வரை அவளுக்கே தெரியாது.

செங்கோட்டைக்காரன்

ஓட்டுக் கூரை இருக்கிறது என்றீர்களே, பாதி வேலை முடிந்தது. ஓட்டு ஓட்டை வழியாக வெயில் விழுந்தால் தரையில் வட்டம் வட்டமாகத் தெரியும், பார்த்திருப்பீர்கள். ஓட்டை கோணல்மாணலாக இருந்தாலும் தரையில் ஏன் வட்டம்? ஏனென்றால் அது ஓட்டையின் வடிவம் இல்லை, சூரியனின் படம். 2019 டிசம்பர் 26 வளையக் கிரகணத்தன்று நான் கோயம்புத்தூரில் இருந்தேன், வேப்பமரத்தடியில் தரையெல்லாம் வளையல் கொட்டினமாதிரி கிடந்தது.

ஒரு வெள்ளை அட்டையை வெயிலுக்கு நேராகப் பிடித்து, ஓட்டையிலிருந்து அட்டைவரை தூரத்தையும் வட்டத்தின் அகலத்தையும் பிள்ளைகளே அளக்கட்டும். மூன்று மீட்டர் தூரத்துக்கு 2.8 சென்டிமீட்டர் போல வரும், அதாவது தூரத்தில் 107-இல் ஒரு பங்கு. சூரியன் 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, அதையும் 107-ஆல் வகுத்தால் சூரியனின் குறுக்களவே கிடைக்கும், கிட்டத்தட்ட 14 லட்சம் கிலோமீட்டர். வகுத்தல் நீங்கள் போட்டுக் கொடுங்கள், டேப் பிடிப்பது அவர்கள். ஓட்டை சின்னதாக இருக்கணும், இல்லையென்றால் அளவு கூடிவிடும். யாரும் ஓட்டை வழியாக மேலே சூரியனைப் பார்க்கக் கூடாது, இதை மட்டும் பத்துத் தடவை சொல்லுங்கள்.

அளந்து முடித்த பிறகு, சூரியனை ஆராய இஸ்ரோ அனுப்பிய ஆதித்யா எல்1 விண்கலத்தின் கதையைச் சொல்லுங்கள். 2023 செப்டம்பர் 2-ஆம் தேதி கிளம்பி, பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நின்று இதே சூரியனைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதன் திட்ட இயக்குநர் நிகார் ஷாஜி எங்கள் செங்கோட்டைக்காரர், பள்ளிக்கூடம் இங்கேதான், இன்ஜினியரிங் திருநெல்வேலி அரசு கல்லூரி. ஆனால் படத்தை முதலில் காட்டாதீர்கள் டீச்சர். நீங்கள் அண்ணாதுரை சாரை முதலில் காட்டியதால்தான் போலீஸ் வந்தது என்று நினைக்கிறேன். கையில் டேப் பிடித்துவிட்டுக் கேட்டால் அந்த அக்கா செய்வதும் நாம் இப்போ செய்ததும் ஒரே வகை வேலை என்று தோன்றும்.

கொழிஞ்சாம்பாறை டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. சொசைட்டிக்காரரிடம் பேசினேன், முதலில் வெட்கப்பட்டார், அப்புறம் காலைப் பால் எடுத்து முடித்து ஒன்பதரைக்கு வருகிறேன் என்றார். இன்று சும்மா 'பாலில் தண்ணி ஊத்தினா என்ன ஆகும்' என்று கேட்டேன். கடைசி பெஞ்சில் வாயே திறக்காத ஒரு பொண்ணு, "டிகிரி இறங்கும் டீச்சர், காசு குறைச்சிடுவாங்க" என்றாள்.

வாளையார் அண்ணா, நீங்களும் அன்றைக்கு வாருங்கள், டேப்பின் ஒரு முனையைப் பிடிக்க உயரமான ஆள் வேண்டும்.

ஹாலில் ஓட்டைகளை எண்ணச் சொன்னேன், 11 இருக்கிறது. பி.டி.ஏ.வில் மழைக்கு முன்னால் ஓடு மாற்றுவதாகப் பேச்சு, அதற்குள் அளந்துவிட வேண்டும்.