புதுப்பிப்பு: எங்கள் பல் கிளினிக்கில் அந்தக் காலைப் பத்து நிமிடம்

மூன்று மாதங்களுக்கு முன் இங்கே எழுதியிருந்தேன்: பல் உறை பொருத்த வந்த ஒரு பெரியவரை, லேபிலிருந்து உறை வரவில்லை என்று திருப்பி அனுப்பினோம். வரவேற்பில் இருப்பவரும் உதவியாளர்களும் ஒருவரையொருவர் குற்றம் சொன்னார்கள். பிறகு ஒரு வாரம் பேச்சே இல்லை. என்ன ஆயிற்று என்று கேட்டவர்களுக்காக இது.

அது மறுபடி நடக்காமலிருக்க இப்போது தினமும் காலையில், முதல் நோயாளி வருவதற்கு முன் பத்து நிமிடம், எல்லோரும் நின்றபடியே அன்றைய பட்டியலைப் பார்க்கிறோம். யாருக்கு வேர் சிகிச்சை, யார் இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர், எந்த உறை வந்துவிட்டது. முதல் இரண்டு வாரம் நான் மட்டுமே பேசினேன், அது தவறு. இப்போது கருவிகளைக் கழுவித் தரும் அக்காதான் தொடங்குகிறார். "டாக்டர், பதினொரு மணியிலிருந்து அடுத்தடுத்து மூன்று பேருக்குப் பல் எடுக்க வேண்டும். செட் இரண்டுதான் இருக்கிறது" என்றார் ஒருநாள். கருவிகளை நீராவியால் கிருமிநீக்கம் செய்யும் ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் 15 நிமிடம்தான் என்றாலும், சூடேறி, உலர்ந்து வெளியே வர அதைவிட வெகுநேரம் பிடிக்கும். இத்தனை ஆண்டுகளாக அந்த நெருக்கடியை அவர் ஒருவரே சுமந்திருக்கிறார். எனக்குத் தெரியாமல் போனது இன்றும் உறுத்துகிறது. அடுத்த வாரமே இன்னும் இரண்டு செட் வாங்கினோம்.

வரவேற்பில் இருக்கும் பெண்ணை ஒருநாள் முழுக்க சிகிச்சை அறையில் உட்காரவைத்ததும் நல்ல பலன் தந்தது. ஆல்ஜினேட் என்ற பசையில் எடுத்த பல் அச்சில் உடனே மாவுக்கலவையை ஊற்றி வார்க்காவிட்டால் அது சுருங்கிவிடும் என்று தெரிந்துகொண்ட பிறகு, அந்த நேரத்தில் அவர் யாரையும் வேறு வேலைக்கு அழைப்பதில்லை.

மதியச் சாப்பாடு இன்னும் இரண்டு குழுவாகத்தான் நடக்கிறது. அதை நான் வற்புறுத்தப்போவதில்லை.