மறு: விவிலியத் ‘திருமுறையாக்கம்’: ஆக்கமா, ஏற்பா?

> குழுவினருக்கு வணக்கம். தொடக்கத் திருச்சபையின் சங்கங்கள் பற்றிக் கலைக்களஞ்சியத்துக்கு ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு நூல் விவிலியத்தில் சேர்ந்தது என்று முடிவாவதை எந்தச் சொல்லால் குறிப்பது? இப்போதைக்கு ‘திருமுறையாக்கம்’ என்று போட்டிருக்கிறேன். “கி.பி. 325இல் நிசேயா சங்கம் புதிய ஏற்பாட்டைத் திருமுறையாக்கம் செய்தது” என்பது முதல் பத்தியின் வாக்கியம். சரியாக வருகிறதா?

வணக்கம் அம்மா.

சொல்லுக்கு முன்னால் வாக்கியத்தைத் திருத்திவிடலாம். நிசேயா சங்கம் விவிலிய நூல்களின் பட்டியலைத் தொடவே இல்லை. கான்ஸ்டன்டைன் பேரரசர் அழைத்து, ஏறத்தாழ 300 ஆயர்கள் இன்றைய துருக்கியின் இஸ்னிக் நகரில் கூடினார்கள். பேசியது, மகன் தந்தையால் படைக்கப்பட்டவரே என்று அலெக்சாந்திரியாவின் குரு ஆரியுஸ் கிளப்பிய சிக்கலை, ஈஸ்டர் கொண்டாடும் நாளை, சபை ஒழுங்கை. அவர்கள் விட்டுச்சென்றது ஒரு விசுவாச அறிக்கையும் 20 விதிகளும். குருக்கள் வட்டிக்குக் கொடுக்கக் கூடாது என்று ஒரு விதி உண்டு, ஞாயிற்றுக்கிழமை முழந்தாளிடக் கூடாது என்று ஒன்று உண்டு. எந்தெந்த நூல் வேதம் என்று ஒன்றும் இல்லை.

பிறகு இந்தக் கதை எங்கிருந்து வந்தது? 9ஆம் நூற்றாண்டின் கிரேக்கத் தொகுப்பு ஒன்று, நிசேயாவில் எல்லா நூல்களையும் பலிபீடத்தருகே வைத்து மன்றாடியதாகவும், போலிகள் கீழே போய்விட, மெய்யானவை மேலே நின்றதாகவும் சொல்கிறது. 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் அதை எடுத்துக் கேலி செய்தார். கேலிதான் ஊரெல்லாம் பரவியது. கான்ஸ்டன்டைன் தம் புதிய தலைநகரின் கோயில்களுக்காக 50 வேதப் பிரதிகள் எழுதித் தரும்படி செசரியாவின் ஆயர் யூசிபியுஸுக்குக் கட்டளையிட்டது உண்மை. அதையும் இதையும் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறவர்களும் உண்டு. இன்றைக்கு யூடியூபில் போய்த் தேடினால் வால்டேருக்குப் பேரப்பிள்ளைகள் ஏராளம்.

இனி சொல்லுக்கு வருகிறேன். ‘திருமுறை’யில் எனக்குச் சண்டை இல்லை. கத்தோலிக்கர் வழக்கில் அது ஊன்றிவிட்டது. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பிலும் தோபித்து, யூதித்து, மக்கபேயர் முதலியவை ‘இணைத்திருமுறை நூல்கள்’ என்றே நிற்கின்றன. சைவத்தின் பன்னிரு திருமுறையோடு மயங்கும் என்று போன வாரம் ஒருவர் கவலைப்பட்டிருந்தார். ‘விவிலியத் திருமுறை’ என்று அடைகொடுத்தால் தீர்ந்தது. இதற்கான கிரேக்கச் சொல் ‘கானோன்’: முதலில் நாணல், பிறகு அளவுகோல், பிறகு ஒழுங்கு. ‘முறை’ அதற்கு நன்றாகவே பொருந்துகிறது. பழைய தமிழ் வேதாகமம் கலாத்தியர் 6:16இல் அதே கிரேக்கச் சொல்லைப் ‘பிரமாணம்’ என்றது. அதுவும் நல்ல சொல், ஆனால் இப்போது விசுவாசப் பிரமாணத்துக்கும் சத்தியப் பிரமாணத்துக்கும் போய்விட்டது. அந்த இணைத்திருமுறை நூல்களுக்குச் சீர்திருத்த சபையார் புழங்கிவந்த ‘தள்ளுபடி ஆகமங்கள்’ பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. ஆடி மாதம் வரட்டும், ஜவுளிக்கடை விளம்பரம் சொல்லும்.

என் மறுப்பு ‘ஆக்கம்’ என்ற பின்பாதிக்குத்தான். இதற்குப் புலவர் ஐயா நேற்றே முட்டுக்கொடுத்துவிட்டார்:

> ‘ஆக்கம்’ என்றால் படைத்தல் மட்டுமா? நூல்களை நாட்டுடைமையாக்குகிறோம். அதனால் நூலை அரசே எழுதியது என்று யாராவது பொருள் கொள்கிறார்களா? நிலையை மாற்றுவதும் ஆக்கம்தான்.

ஐயா, உங்கள் எடுத்துக்காட்டையே எடுத்துக்கொள்கிறேன். நாட்டுடைமையாக்கத்துக்கு ஓர் அரசாணை உண்டு, தேதி உண்டு. ஆணைக்கு முந்தைய நாள் அந்த நூல் நாட்டுடைமை அல்ல, மறுநாள் நாட்டுடைமை. அதனால் அங்கே ‘ஆக்கம்’ சரி. விவிலிய நூல்களுக்கு அந்த முதல் நான்கைந்து நூற்றாண்டுகளில் அப்படி ஒரு மறுநாளைக் காட்ட முடியுமா?

நிசேயாவையே பாருங்கள். ஆரியுஸ் தரப்பு நீதிமொழிகள் 8:22ஐத் தூக்கிப் பிடித்தது: ‘ஆண்டவர் என்னைப் படைத்தார்’ என்று ஞானம் பேசுகிற இடம், கிரேக்க மொழிபெயர்ப்பின்படி. எதிர்த்தரப்பு அந்த வசனத்தை ஒதுக்கவில்லை. அதற்கு வேறு பொருள் சொன்னது. நூல் இருவருக்கும் பொது, சண்டை பொருளில். வேதத்திலிருக்கும் சொற்களாலேயே அறிக்கையை எழுதப் பார்த்ததாகவும், ஆரியுஸ் தரப்பு ஒவ்வொன்றையும் தமக்கேற்ப வளைத்துக்கொண்டதாகவும், பின்னாளில் அலெக்சாந்திரியாவின் ஆயரான அத்தனாசியுஸ் எழுதுகிறார். அப்புறம்தான் வேதத்தில் எங்குமே இல்லாத ‘ஹோமோஊசியோஸ்’ உள்ளே வந்தது, இன்று திருப்பலியில் ‘தந்தையோடு ஒரே பொருளானவர்’ என்று சொல்கிறோமே அது. சங்கம் உண்மையாகவே ஒன்றைச் செய்த இடம் இதுதான்: இதுவரை யாரும் கட்டாயமாக்காத சொல்லை எடுத்து, இதற்கு அப்பால் போகாதே என்று கோடு போட்டது.

451இல் கால்செதோனும் அதைத்தான் செய்தது. கிறிஸ்துவில் இரண்டு இயல்புகள், கலக்காமல், மாறாமல், பிரியாமல், விலகாமல், ஒரே ஆளில். நான்கும் எதிர்மறை. எப்படி என்று விளக்கவில்லை. எப்படியெல்லாம் சொல்லக் கூடாது என்று வேலி கட்டினார்கள். அந்த ஆவணத்துக்குக் கிரேக்கத்தில் ‘ஹோரோஸ்’ என்று பெயர்: எல்லை, எல்லைக்கல். நம்மிடம் ‘வரையறை’ என்று ஒரு சொல் தயாராக இருக்கிறது, ‘வரை’யும் எல்லைதான். எனவே சங்கங்கள் கோட்பாட்டுக்குச் செய்ததைக் ‘கோட்பாட்டு வரையறை’ என்று சொல்லலாம்.

நூல்களின் கதை இப்படி நடக்கவில்லை. இன்றுள்ள புதிய ஏற்பாட்டின் 27 நூல்களையும் கூடாமல் குறையாமல் நாம் முதலில் பார்ப்பது 367இல், அத்தனாசியுஸின் 39ஆம் பாஸ்கா மடலில். அது ஓர் ஆயர் தம் மறைமாவட்டத்துக்கு எழுதிய ஆண்டுக் கடிதம், சங்கத் தீர்மானம் அல்ல. அதிலும் பழைய ஏற்பாட்டின் எஸ்தர் பட்டியலுக்கு வெளியே, ‘புதிதாக வருவோர் வாசிக்கத்தக்கவை’ வரிசையில் நிற்கிறது. லவோதிக்கேயாச் சங்கத்தின் பெயரில் வரும் பட்டியலில் திருவெளிப்பாடு இல்லை. அந்தப் பட்டியலே பின்னால் ஒட்டப்பட்டதோ என்ற ஐயமும் ஆய்வாளர்களுக்கு உண்டு. 393இல் ஹிப்போ, 397இல் கார்த்தேஜ்: இரண்டும் வட ஆப்பிரிக்க வட்டாரச் சங்கங்கள், அகுஸ்தீன் வாழ்ந்த மண். இங்கேதான் இணைத்திருமுறை நூல்களையும் சேர்த்த பட்டியல் தெளிவாக வருகிறது. ஆனால் கூடவே, இதை உறுதிசெய்யக் கடலுக்கு அப்பாலுள்ள சபையையும் கேட்க வேண்டும் என்று எழுதிவைத்தார்கள். 419இல் கார்த்தேஜ் மறுபடி இதை எடுத்தபோது காட்டிய காரணம், கோயிலில் வாசிப்பதற்காக இவற்றை நம் தந்தையரிடமிருந்து பெற்றுக்கொண்டோம் என்பது. ‘பெற்றுக்கொண்டோம்’: அவர்களே தங்கள் செயலுக்கு வைத்த வினை அது. நாம் ஏன் ‘ஆக்கினோம்’ என்று அவர்கள் வாயில் போட வேண்டும்?

இதற்குப் பிறகும் கதை முடியவில்லை. 692இல் கான்ஸ்தாந்திநோபிளில் அரண்மனைக் குவிமாட மண்டபத்தில் கூடிய சங்கம், லவோதிக்கேயா, கார்த்தேஜ், அத்தனாசியுஸ் என்று ஒன்றோடொன்று ஒட்டாத பட்டியல்களை ஒருசேர ஏற்றுக்கொண்டது. முரணைத் தீர்க்கவேண்டும் என்ற பதற்றமே அவர்களுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும். சிரியாக் மொழியின் பெஷித்தாவில் புதிய ஏற்பாடு 22 நூல்கள்தான். 2 பேதுரு, 2, 3 யோவான், யூதா, திருவெளிப்பாடு இல்லை. கேரளத்துத் தோமா கிறிஸ்தவர்களின் வழிபாட்டு மொழியாக நெடுங்காலம் இருந்தது இதே சிரியாக். எத்தியோப்பியச் சபையோ 81 என்று கணக்குச் சொல்கிறது. எந்த நூற்றாண்டின் எந்த நாளில் ‘ஆக்கம்’ நடந்தது?

எனவே என் பரிந்துரை: பட்டியலுக்குத் ‘திருமுறை’, அது உருவாகிவந்த போக்குக்கு ‘நூலேற்பு’, சங்கங்கள் கோட்பாட்டுக்குச் செய்ததற்கு ‘வரையறை’, நிசேயாவின் 20ஐப் போன்ற ஒழுங்குகளுக்குச் ‘சங்க விதி’. கடைசியது முக்கியம். கிரேக்கத்தில் அதுவும் ‘கானோன்’தான், இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் ‘நிசேயாவின் திருமுறைகள்’ என்று யாராவது எழுதிவைப்பார்கள், வால்டேர் மறுபடி சிரிப்பார்.

———

> எனக்குத் தீர்மானம் பிடித்திருக்கிறது அண்ணா. ஆனால் ‘நூலேற்பு’ என்று கேட்டதும் எங்கள் வீட்டில் எல்லாரும் ‘யாருக்குப் பூணூல்?’ என்கிறார்கள். நூலகத்துக்குப் புத்தகம் வந்து இறங்குவது போலவும் இருக்கிறது.

தம்பி, அந்தப் பூணூல் எனக்குத் தோன்றவே இல்லை! ‘மறைநூலேற்பு’ என்று நீட்டிவிடலாம். வேத நூல் என்ற பொருளில் ‘மறைநூல்’ விவிலிய மொழிபெயர்ப்பிலேயே புழங்குகிறது. ஆறெழுத்துதான், வாயில் நிற்கும்.

———

> நான் குருமடத்தில் படித்தவன். ஏற்பு என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் திரெந்து சங்கத்தை என்ன செய்வீர்கள்? 1546 ஏப்ரல் 8ஆம் நாள், நூல்களைப் பெயர் பெயராகச் சொல்லி, ஏற்காதவர்கள் சபைக்குப் புறம்பு என்று ஆணையிட்டார்கள். அரசாணையும் இருக்கிறது, தேதியும் இருக்கிறது. நீங்கள் கேட்ட மறுநாள் அதுதானே?

சரியான இடத்தில் பிடித்தீர்கள். திரெந்து செய்தது வரையறை, ஐயமில்லை. அதை ‘திருமுறை வரையறை’ என்றே எழுதவேண்டும். ஆனால் கவனியுங்கள்: அவர்கள் வரையறுத்த பட்டியல் கார்த்தேஜ் காலத்திலிருந்து மேற்கே வாசிக்கப்பட்டுவந்தது, 1442இல் ஃபுளோரன்ஸ் சங்கமும் அதையே சொல்லியிருந்தது. லூத்தர் கேள்வி கேட்டதால் வேலி கட்டவேண்டி வந்தது, நிசேயாவில் ஆரியுஸ் கேட்டதால் கட்டியதைப் போல. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலான ஏற்பு, அதன்மேல் ஒரு நாள் வரையறை. இரண்டு சொல் கையில் இருந்தால் இந்த வேறுபாட்டை ஒரே வாக்கியத்தில் எழுதிவிடலாம். ‘திருமுறையாக்கம்’ ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டால் 397க்கும் 1546க்கும் ஒரே முத்திரை குத்தவேண்டி வரும்.

———

> மிக்க நன்றி. முதல் வாக்கியத்தை மாற்றிவிட்டேன்: “325இல் நிசேயா சங்கம் தந்தைக்கும் மகனுக்கும் உள்ள உறவை வரையறுத்தது, புதிய ஏற்பாட்டின் மறைநூலேற்பு அதற்கு முன்பே தொடங்கி, அதற்குப் பின்னும் நீண்டது.” புலவர் ஐயாவும் தனிமடலில் ‘போகட்டும், ஆக்கத்தை விட்டுவிடு’ என்று எழுதியிருக்கிறார். இன்னொரு சொல் மீதமிருக்கிறது. யூசிபியுஸ் நூல்களை வகைபிரிக்கும்போது, எல்லாரும் ஒப்புக்கொண்டவை ஒருபுறம், சிலர் மறுத்தாலும் பலர் அறிந்தவை மறுபுறம் என்று வைக்கிறார். யாக்கோபு, யூதா, 2 பேதுரு எல்லாம் இரண்டாவதில். முதலாவதை ‘ஒப்புநூல்’ என்கிறேன். இரண்டாவதற்கு ‘மறுப்புநூல்’ என்றால் ஏதோ ஒன்றை மறுத்து எழுதிய நூல் என்று ஆகிவிடுகிறதே?

ஆகும். ‘வழக்குநூல்’ எப்படி? வழக்கில் கிடப்பது, வழக்கத்தில் இருப்பது, இரண்டும் அந்த நூல்களுக்கு உண்மை. புலவர் ஐயா சொல்லட்டும்.