பொருள்: சரிவுக் கூரையை ‘மட்டப்படுத்துவதா’? கலைச்சொல் வேண்டும்

நண்பர்களே,
ஜிப்சம் பலகை பொருத்தும் கையேட்டை நாளை மாலைக்குள் தமிழில் முடித்துத் தர வேண்டும். சரிவுக் கூரையின் உட்புறத்தில், கூரையைத் தாங்கும் சாய்வு மரங்களான கைமரங்கள் ஒன்று ஏறியும் ஒன்று தொங்கியும் இருக்கும். பலகையை அப்படியே முடுக்கினால் சாய்வாக வெளிச்சம் விழும்போது ஒவ்வொரு இணைப்பும் தெரியும். ஆகவே கைமரங்களுக்குக் குறுக்கே 16 அங்குலத்துக்கு ஒன்றாக மெல்லிய சட்டங்களை அடித்து, பள்ளமான இடங்களில் சில்லு செருகிச் சீராக்குகிறார்கள். அந்தச் சட்டத்துக்கு என்ன பெயர்? வேலைக்கு ‘மட்டப்படுத்தல்’ போதுமா?
க.

போதாது. இரசமட்டத்தில் குமிழி நடுவில் நிற்பதுதான் மட்டம். இங்கே சரிவு சரிவாகவே இருக்க வேண்டும். மேடுபள்ளம் மட்டும் போக வேண்டும். ‘ஒருதளமாக்கல்’ என்க. ஓட்டுக் கூரையில் ஓடுகளைத் தாங்கக் குறுக்கே அடிக்கும் வரிச்சு இருக்கிறதே, அதைக்கொண்டு ‘வரிச்சட்டம்’ எனலாம்.
செ.

செ. ஐயா, வரிச்சட்டம் என்றால் வருமான வரிதான் நினைவுக்கு வருகிறது. மேலும் வரிச்சு வன்றொடர்க் குற்றியலுகரம். ‘வரிச்சுச்சட்டம்’ என்றல்லவா புணரும்? நாக்கு சுளுக்கிக்கொள்ளும். வரிச்சே சட்டம்தான், அது போதும். வேலைக்கு ‘நூலோட்டம்’ என்பேன். இரு கோடியிலும் ஆணி அடித்து நூல் கட்டித்தானே கோணல் பார்க்கிறோம்? மரத்தின் கோட்டம் தீர்ப்பது நூல் என்று நன்னூல் பாயிரமே சொல்கிறது.
மு.

நெடுநல்வாடையில் அரண்மனை கட்ட நூலறி புலவர் கயிறிட்டு அளந்தார்கள். அப்படியானால் கயிறோட்டமா? தச்சர் கணக்கில் நூல் என்பது அரைக்கால் அங்குலம். ‘இரண்டு நூல் ஏற்று’ என்று ஆசாரி சொல்வது இதைத்தான். கட்டிய நூலும் அளவு நூலும் ஒரே வரியில் வந்தால் யார் அவிழ்ப்பது?
செ.

வேலையிடத்தில் அந்தச் சட்டம் ‘ரீப்பர்’. தகரத்தில் வந்தால் ‘சேனல்’. செருகுவது ‘பேக்கிங்’. கையேடு ஏணிமேல் நிற்பவருக்கா, புலவர் குழுவுக்கா?
ப.

ஏணிமேல் நிற்பவர்தான் கைமரம், உத்தரம் என்றும் சொல்கிறார். வரிச்சு மட்டும் அவருக்கு எட்டாது என்பது ப. அவர்களின் முடிவு.
மு.

நேரமில்லை. முதலில் வருமிடத்தில் ‘ரீப்பர் எனப்படும் வரிச்சு’, பிறகு வரிச்சு. வேலை ‘ஒருதளமாக்கல்’. செருகுவது சில்லு. மூவர் சொன்னதிலும் ஒவ்வொன்று எடுத்து இப்படியே அனுப்புகிறேன்.
க.

ஒருதள வீடு என்றால் மாடியில்லாத வீடு. ‘கூரையை ஒருதளமாக்குக’ என்றால் மாடியை இடித்துவிட மாட்டார்களா? ‘ஒருமுகப்படுத்தல்’ என்று மாற்ற இன்னும் இடமுண்டா?
மு.

அனுப்பியாயிற்று ஐயா.
க.